சொன்னால் யார் நம்புவார்கள்?

ரோல்ட் டாலின் ‘மெட்டில்டா’ நாவல் 1988இல் வெளிவந்தது. அதில் தலைமையாசிரியை டிரஞ்ச்புல்லுக்கு இரட்டைச் சடை பிடிக்காது. சடை போட்டு வந்த அமாண்டா திரிப் என்ற சிறுமியைச் சடையோடு பிடித்துச் சுழற்றி வேலிக்கு அப்பால் வீசுகிறார். பார்த்துக்கொண்டிருந்த லாவெண்டருக்கு ஒரு சந்தேகம்: வீட்டில் போய்ச் சொன்னால் அப்பா அம்மா சும்மா விடுவார்களா? மெட்டில்டா அதற்குச் சொல்லும் விளக்கம் எனக்குத் தெரிந்த சிறார் நாவல்களிலேயே ஆகக் கசப்பான இடம். தப்பிக்க வேண்டுமானால் கொடுமையை அரைகுறையாகச் செய்யக் கூடாது, நம்பவே முடியாத அளவுக்குச் செய்துவிட வேண்டும், அப்போது எந்தப் பெற்றோரும் பிள்ளை பேச்சை நம்ப மாட்டார்கள் என்கிறாள் அவள். அவளுக்கு வயது ஐந்தரை.

சிறார் கதைகளின் கெட்ட பெரியவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. மாற்றாந்தாயும் சூனியக்காரியும் கொடுங்கோல் வாத்தியாரும் கதைக்கு வேண்டியவர்கள். பயமுறுத்துவார்கள், கடைசியில் தோற்பார்கள். மெட்டில்டா பேசுவதோ வீட்டில் இருக்கும் பெரியவரைப் பற்றி. அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைமீது உயிரையே வைத்திருப்பார். பிள்ளை வந்து ஒன்றைச் சொன்னால் மட்டும் ‘கதை விடாதே, போய்ப் படி’ என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். கடந்த இரு நூற்றாண்டுச் சிறார் இலக்கியத்தை இந்த ஆளைத் தேடிக்கொண்டே படித்துப் போனால், வில்லன்களுக்குத் துணிச்சல் தந்தது இவர்தான் என்பது புலப்படும். கையில் காசில்லை, போக இடமில்லை, சட்டத்தில் குரலில்லை என்று குழந்தையின் கையறு நிலைக்குப் பல முகங்கள் உண்டு. அவற்றுள் மிகக் கொடியது, சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லாமல் போவது. சிறந்த எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொண்ட சுவர் அதுதான்.

இத்தனை அனாதைகள் ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தப் பேச்சு வழக்கமாகத் தொடங்கும். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் சாகசம் நடக்காது, எனவே கதாசிரியர் முதல் அத்தியாயத்திலேயே அவர்களை அப்புறப்படுத்திவிடுகிறார் என்பது அதற்கு வழக்கமான பதில். தொழில்நுணுக்கமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் சார்லஸ் டிக்கன்ஸ் அனாதை இல்லை. 1824இல் தந்தை கடனுக்காக லண்டன் மார்ஷல்சி சிறைக்குப் போனபோது, பன்னிரண்டு வயதுப் பையன் பூட்ஸ் பாலிஷ் ஆலையில் புட்டிகளுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான். தந்தை வெளியே வந்த பின்னும் அம்மா தன்னை அதே ஆலைக்குத் திருப்பி அனுப்ப நினைத்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. இந்தக் கதையைத் தம் பிள்ளைகளிடம்கூட அவர் சொன்னதில்லை. அவர் இறந்தபின் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகுக்குத் தெரியவந்தது. ஆலிவர் டுவிஸ்ட்டையும் டேவிட் காப்பர்ஃபீல்டையும் அனாதைகளாகப் படைத்தவருக்கு உயிரோடிருக்கும் பெற்றோர் கைவிடுவது எப்படி இருக்கும் என்பது நன்றாகவே தெரியும். அதை நேரடியாக எழுதக் கை வரவில்லை, பெற்றோரைக் கதையில் சாகடித்துவிட்டார் என்றே நான் வாசிக்கிறேன்.

பிரான்சஸ் ஹாட்ஸன் பர்னெட்டின் ‘ஒரு குட்டி இளவரசி’ (1905) கையறு நிலையின் பணக் கணக்கை அப்பட்டமாகக் காட்டும் நூல். சாரா குரூவின் தந்தை இந்தியாவில் படை அதிகாரி, மகள் லண்டன் விடுதிப் பள்ளியில். அவளுடைய பதினொன்றாவது பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருக்கும்போது தந்தை இறந்த செய்தி வருகிறது, போட்ட பணமும் போய்விட்டது. அன்று மாலையே தலைமையாசிரியை மின்சின் அவளை மாடத்து அறைக்கு மாற்றிவிடுகிறார். நேற்றுவரை காட்சிப் பொருளாக முன்வரிசையில் நிறுத்தப்பட்டவள் இன்று முதல் எடுபிடி. இடையில் சாரா மாறவில்லை, கணக்குப் புத்தகம்தான் மாறியது. கடைசியில் தந்தையின் நண்பர் பக்கத்து வீட்டிலேயே இருப்பது தெரிந்து செல்வம் திரும்பி வருகிறது. அதே மாடத்தில் பக்கத்து அறையில் கிடந்த வேலைக்காரச் சிறுமி பெக்கியும் குழந்தைதான். அவளைத் தேடிவர எந்தப் பணக்கார நண்பரும் இல்லை. சாராவின் பணிப்பெண்ணாகப் போவதுதான் அவளுக்குக் கிடைத்த விடுதலை. பர்னெட் இதை மனதார நல்ல முடிவாகவே எழுதியிருக்கிறார். இன்று படிக்கிறவருக்குத்தான் பெக்கியை விட்டு நகர முடியவில்லை.

சட்டத்தின் முன் குழந்தைக்கு என்ன இடம் என்று மார்க் ட்வைன் அளவுக்குத் துல்லியமாக யாரும் எழுதியதில்லை. ஹக்கிள்பெர்ரி ஃபின்னின் தகப்பன் குடிகாரன், மகனை அடிப்பவன், மகன் பெயரில் இருக்கும் ஆறாயிரம் டாலருக்காக ஊர் திரும்பியவன். ஊரில் நல்லவர்களுக்குக் குறைவில்லை. நீதிபதி தாட்சரும் விதவை டக்ளஸும் பையனைத் தங்கள் பொறுப்பில் விடும்படி நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். ஆனால் அப்போதுதான் பணிக்கு வந்திருந்த புதிய நீதிபதி, முடிந்தவரை குடும்பத்தில் நீதிமன்றம் தலையிடக் கூடாது, அப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது தகாது என்று சொல்லிவிடுகிறார். போதாக்குறைக்குக் குடிகாரனைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்த் திருத்தவும் பார்க்கிறார். திருந்தியதாகச் சொல்லிக் கண்ணீர் விட்ட அன்றிரவே, கொடுத்த புதுக் கோட்டை விற்றுக் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான் அந்த ஆள். பிறகு மகனைத் தூக்கிப்போய் ஆற்றங்கரைக் காட்டுக் குடிசையில் அடைத்துப் பூட்டுகிறான். ஹக் சுவரின் அடிமரத்தை அறுத்து வெளியே வருகிறான், பன்றி ஒன்றை அடித்து அதன் இரத்தத்தைச் சிந்திவிட்டு, தான் கொலையானதாக ஊரை நம்பவைக்கிறான். உயிரோடிருக்கும் பையனுக்கு அப்பனிடமிருந்து விடுதலை தர அந்த ஊர்ச் சட்டத்தில் வழியில்லை, செத்துப்போனதாகக் காட்டிக்கொண்டால் உண்டு. 1880களில் வெளிவந்த இந்தப் பக்கங்களைக் குடும்பநல நீதிமன்றங்களில் இன்றும் வாசித்துக் காட்டலாம்.

ஜெர்மனியில் எரிக் கெஸ்ட்னர் வேறு திசையில் யோசித்தார். ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ 1929இல் வந்தது. சிகை அலங்காரம் செய்து பிழைக்கும் அம்மா கொடுத்தனுப்பிய நூற்று நாற்பது மார்க்கைச் சட்டைப் பையின் உட்புறம் குண்டூசியால் குத்திவைத்திருக்கிறான் எமில். ரயிலில் தூங்கிவிட்ட வேளையில் தொப்பிக்காரன் ஒருவன் அதைத் திருடிவிடுகிறான். நேரே காவல்துறைக்குப் போக வேண்டியதுதானே என்று படிக்கிற பெரியவருக்குத் தோன்றும். எமிலால் முடியாது. சொந்த ஊரில் ஒரு பிரபுவின் சிலைக்குச் சிவப்பு மூக்கும் மீசையும் வரைந்துவிட்டவன் அவன். அந்தக் குற்றத்துக்காகத் தன்னைத்தான் முதலில் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று நம்புகிறான். சட்டம் குழந்தையின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை இவ்வளவு மென்மையாகவும் சரியாகவும் சொன்னவர்கள் குறைவு. பெரியவருக்கு அது பாதுகாப்பு. பிள்ளைக்கோ தான் செய்த சின்னத் தப்பெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கும் இடம். ஆகவே எமில் பெர்லின் தெருப் பிள்ளைகளைத் திரட்டுகிறான். ஒருவன் தொலைபேசிக்குக் காவல் இருக்கிறான், ஒருவன் காசு வசூலிக்கிறான், கடைசியில் நூறு பிள்ளைகள் திருடனைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். வங்கியில் அவன் சொல் எடுபடுவது எதனால்? நோட்டுகளில் குண்டூசித் துளைகள் இருக்கின்றன. பிள்ளையின் வாக்குமூலத்துக்குத் துளை சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

பலத்தையே குழந்தையிடம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தவர் சுவீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென். 1945இல் வந்த பிப்பிக்குச் சொந்தமாக ஒரு வீடு, ஒரு பெட்டி நிறையத் தங்கக் காசு, குதிரையைத் தூக்கும் வலிமை. உலகத்துக் குழந்தைகளிடம் இல்லாத மூன்றையும் கணக்காக எடுத்து ஒரே சிறுமியிடம் சேர்த்திருக்கிறார். அவளைக் குழந்தைகள் இல்லத்துக்குக் கூட்டிப்போக வந்த இரண்டு போலீஸ்காரர்களை அவள் இடுப்புவாரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைக்கும்போது சிரிக்காத பிள்ளை இல்லை. அந்தச் சிரிப்பின் அடியில், மற்ற ஒன்பது வயதுப் பெண்ணாக இருந்திருந்தால் அவர்கள் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்ற அறிவும் இருக்கிறது.

லிண்ட்கிரென் கதையோடு நிற்கவில்லை. 1978இல் ஜெர்மன் புத்தக வணிகர்களின் அமைதிப் பரிசை ஃபிராங்க்ஃபர்ட்டில் வாங்கும்போது, குழந்தைகளை அடிப்பதற்கு எதிராக உரையாற்றினார். அதில் ஒரு முதிய பெண்மணி தமக்குச் சொன்ன கதையைச் சொன்னார். இளம் தாயாக இருந்தபோது அந்தப் பெண்மணி ஒருநாள், தப்புச் செய்த சின்ன மகனிடம் நீயே போய் ஒரு பிரம்பு ஒடித்து வா என்று அனுப்புகிறார். வெகுநேரம் கழித்து அழுதுகொண்டே வந்த பையன், பிரம்பு கிடைக்கவில்லை, இந்தக் கல்லை வேண்டுமானால் என்மேல் எறியலாம் என்று ஒரு கல்லை நீட்டுகிறான். அம்மாவுக்குத் தன்னை வலிக்கச் செய்யத்தானே வேண்டும், அதற்குக் கல்லும் ஆகுமே என்று பிள்ளை யோசித்திருக்கிறது. தாய் அந்தக் கல்லைச் சமையலறை அலமாரியில் வைத்தார், மறக்காமல் இருக்க. அடுத்த ஆண்டு, 1979இல், வீட்டிலும் குழந்தையை அடிக்கக் கூடாது என்று உலகிலேயே முதலாவதாகச் சட்டம் செய்த நாடு சுவீடன்.

டாலுக்குத் திரும்புகிறேன், அவர் வாழ்வில் இந்தக் கேள்விக்கு ஒரு திருப்பம் இருப்பதால். பிள்ளைப் பருவ நினைவு நூலான ‘பாய்’ (1984) சொல்லும் செய்தி இது. வேல்ஸில் எட்டு வயதில், மிட்டாய்க் கடை ஜாடிக்குள் செத்த எலியைப் போட்ட குற்றத்துக்காகத் தலைமையாசிரியர் பிரம்பால் விளாசுகிறார். அன்றிரவு குளிக்கும்போது தழும்பைப் பார்த்த அம்மா காரணம் கேட்கிறார், மகன் சொன்னதை நம்புகிறார், நேரே பள்ளிக்குப் போய்ச் சண்டையும் போடுகிறார். நார்வேக்காரரான அவரிடம், நீங்கள் வெளிநாட்டவர், பிரிட்டிஷ் பள்ளிகள் நடக்கும் முறை உங்களுக்குப் புரியாது என்று தலைமையாசிரியர் பதில் சொல்கிறார். அந்தப் பள்ளியிலிருந்து மகனை எடுத்துவிடுகிறார் அம்மா. ஆனால் அவன் அடுத்துப் போய்ச் சேர்ந்த விடுதிப் பள்ளியிலும் பிரம்பு இருந்தது. நம்புகிற பெரியவர் கிடைத்தாலும் அவர் கையிலும் ஒன்றுமில்லாமல் போகலாம் என்பதை டால் அங்கேதான் கற்றார். மெட்டில்டாவின் ஆசிரியை ஹனி அந்த அறிவிலிருந்து பிறந்தவர். அவர் மெட்டில்டாவின் திறமையை முதல் நாளே கண்டுகொள்கிறார், தலைமையாசிரியையிடம் போகிறார், பெற்றோர் வீட்டுக்கும் போகிறார். இரண்டு இடத்திலும் விரட்டப்படுகிறார். அவரே டிரஞ்ச்புல்லிடம் வளர்ந்து அடிபட்டவர், தம் சம்பளத்தைக்கூடப் பறிகொடுத்தவர். குழந்தைதான் அவரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, அதுவும் பார்வையாலேயே பொருள்களை நகர்த்தும் அதிசய சக்தியால். அதிசயம் இல்லாமல் இந்த முடிச்சு அவிழாது என்று டால் ஒப்புக்கொள்கிறார். இங்கிலாந்து, வேல்ஸ் அரசுப் பள்ளிகளில் பிரம்படி சட்டப்படி நின்றது 1987இல்தான். நாவல் வந்தது அதற்கு மறு ஆண்டு.

நல்லவராக இருந்தும் உதவாத பெரியவரை வைத்தே பதின்மூன்று நாவல் எழுதியவர் லெமனி ஸ்னிக்கெட் என்ற புனைபெயர்க்காரரான டேனியல் ஹேண்ட்லர் (1999–2006). பெற்றோரைத் தீயில் இழந்த மூன்று பிள்ளைகளுக்கு வங்கி அதிகாரி போ பொறுப்பாளர். கெட்டவர் இல்லை. ஓயாமல் இருமுவார், எல்லாம் விதிப்படி நடக்கும் என்று உறுதி சொல்வார். பிள்ளைகளின் சொத்துக்காகத் துரத்தும் ஓலாஃப் பல நாவல்களில் வேறு வேறு வேடத்தில் வருகிறான். பிள்ளைகள் பார்த்தவுடனே கண்டுகொள்கிறார்கள், சொல்கிறார்கள், போ நம்புவதில்லை. முதல் நாவலின் கடைசிப் பக்கங்கள் எனக்கு மறப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பெண் நீதிபதி. அன்பானவர், வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவர், மூவரையும் வளர்க்கத் தயார் என்கிறார். பிள்ளைகளுக்கும் அதுதான் ஆசை. பெற்றோரின் உயில்படி நீங்கள் உறவினரிடம்தான் வளர வேண்டும் என்கிறார் போ. அவர் உயிலை மதிக்கிறார், பொறுப்போடுதான் பேசுகிறார். மூன்று பிள்ளைகளும் அவரோடு வண்டியேறிப் போகிறார்கள், இன்னும் பன்னிரண்டு நாவல் துன்பத்துக்குள்.

ஹாரி பாட்டரை விரிவாகச் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஒன்றை மட்டும் குறிக்கிறேன். ஐந்தாம் நூலில் அம்பிரிட்ஜ் தரும் தண்டனைப் பேனா, எழுதுகிறவன் கையையே கிழித்து எழுதுகிறது. ஹாரி அதைப் போய் ஆசிரியர்களிடம் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதையே வீரமாக எண்ணிக்கொள்கிறான். பெரியவர்கள் நம்பாத பிள்ளை ஒரு கட்டத்தில் சொல்வதையே நிறுத்திக்கொள்ளும், அதற்குத் தைரியம் என்று தானே பெயரும் வைத்துக்கொள்ளும். பெரியம்மா வீட்டு மாடிப்படி அடியில் பத்தாண்டு கிடந்தவனுக்கு அது பழகிப்போயிருக்கிறது. அங்கே அவன் கஷ்டப்படுவான் என்று தெரிந்தே விட்டுவந்ததாக டம்பிள்டோர் அதே நூலின் முடிவில் ஒப்புக்கொள்கிறார்.

வில்லனே இல்லாத நாவல்கள் இந்த வரிசையில் மிகக் கடினமானவை. கேத்தரின் பேட்டர்சன் தாமே சிறிது காலம் வளர்ப்புத் தாயாக இருந்தவர். அவருடைய ‘மகத்தான கில்லி ஹாப்கின்ஸ்’ (1978) வளர்ப்பு வீடு மாற்றி வீடு மாற்றி அலைக்கழிந்த பதினொரு வயதுப் பெண்ணின் கதை. தன்னைப் பெற்றவள் ஒருநாள் வந்து அழைத்துப்போவாள் என்ற கனவிலேயே வாழ்கிறாள். இப்போது இருக்கும் டிராட்டரின் வீடு நரகம் என்று பொய்யாக அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். டிராட்டர் அம்மாள்தான் அவளை உண்மையாக நேசித்த முதல் ஆள் என்பது அவளுக்குப் புரிகிற நேரத்தில் அந்தக் கடிதம் வேலை செய்துவிடுகிறது. முகம் தெரியாத பாட்டி வந்து நிற்கிறார், கில்லி போக வேண்டியதாகிறது. கிறிஸ்துமஸுக்கு அம்மாவும் வருகிறாள். பாட்டி பணம் அனுப்பியதால் வந்தவள், இருந்து அழைத்துப்போக வந்தவள் இல்லை. டிராட்டரிடம் திரும்பிப் போக வழி கிடையாது. பேட்டர்சன் பரிதாபப்பட்டு எந்தக் கதவையும் திறந்துவிடவில்லை.

ஜாக்குலின் வில்சனின் ‘சித்திரம் தீட்டிய அம்மா’ (1999) இன்னும் நெருக்கத்தில் போகிறது. உடலெங்கும் பச்சை குத்திக்கொண்ட மேரிகோல்ட் பாசக்காரி, விளையாட்டுக்காரி, மனநோயாளி. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் வெறுத்துப்போய் அப்பாவிடம் போய்விட்ட பிறகு, அம்மா தன் உடம்பெங்கும் வெள்ளை பெயிண்டைப் பூசிக்கொண்டு நிற்பதை இளையவள் டால்ஃபின் பார்க்கிறாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் அம்மாவைக் கொண்டுபோய்விடுவார்கள், தன்னையும் எங்கோ சேர்த்துவிடுவார்கள். பத்து வயதுப் பிள்ளை தொலைபேசியை எடுப்பதற்குள் படும் பாட்டை வில்சன் அவசரப்படாமல் எழுதுகிறார். குடிக்கும் அப்பனோடும் மனம் பேதலித்த அம்மாவோடும் வீட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழும் பிள்ளைகள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கொடுக்க இப்படி ஒரு புத்தகம் வேண்டும்.

சோவியத் நூல்கள் வழியாகத் தமிழர்க்கு அறிமுகமான சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘வெள்ளைக் கப்பல்’ (1970) சிறுவனைப் பற்றியது, சிறுவர்க்கானதா என்பது விவாதத்துக்குரியது. என்றாலும் இந்த ஆய்வில் அதற்கு இடம் உண்டு. பெற்றோர் விட்டுப்போன ஏழு வயதுப் பையனுக்கு மோமுன் தாத்தா ஒருவரே உலகம். தங்கள் குலத்தைக் காத்த கொம்புள்ள மான் தாயின் கதையைச் சொல்லித் தருவது அவர்தான். காட்டுக்கு உண்மையிலேயே மான்கள் திரும்பி வருகின்றன. அதிகாரம் படைத்த மருமகன் ஓரோஸ்குலுக்கு அஞ்சி, அவனிடம் அடிபடும் மகளுக்காக, தாத்தாவே துப்பாக்கியை எடுத்து மானைச் சுடுகிறார். கதையைச் சொன்ன அதே கை. பையன் மீனாகிவிடுவதாக எண்ணிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுகிறான். இந்த முடிவைச் சோவியத் விமர்சகர்கள் சிலர் கண்டித்தார்கள், ஐத்மாத்தவ் மாற்றவில்லை. மோமுனைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவரும் கையறு நிலையில் இருப்பவர்தான். ஆனால் குழந்தையிடம் அந்த நியாயம் செல்லுபடியாகாது.

இந்தக் கேள்விக்காக வாழ்ந்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் போலந்தின் மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்கைச் சொல்வேன். வார்சாவில் 1912 முதல் யூத அனாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்தினார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றம் இருந்தது. எந்தப் பிள்ளையும் எந்தப் பிள்ளைமீதும், ஏன் ஆசிரியர்மீதும் வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக்கே பிரதிவாதியாக நின்றிருக்கிறார். அதன் சட்டத் தொகுப்பில் பெரும்பாலான விதிகள் மன்னிப்பதற்கானவை. பிள்ளைகளே எழுதும் வாரப் பத்திரிகை ஒன்றையும் 1926இல் தொடங்கினார். இவ்வளவு நம்பிக்கை வைத்தவர் எழுதிய ‘முதலாம் மாட் அரசன்’ நாவலில் நாம் எதிர்பார்க்கும் வெற்றி இல்லை. பட்டத்துக்கு வந்த சிறுவன் பிள்ளைகளுக்கென்று நாடாளுமன்றம் அமைக்கிறான். பிள்ளைகள் வேலைக்குப் போகட்டும், பெரியவர்கள் பள்ளிக்குப் போகட்டும் என்று அது முடிவு செய்கிறது. நாடு சீர்குலைகிறது. நண்பனாக நடித்த பத்திரிகையாளன் அந்நிய அரசர்களின் உளவாளி. மாட் சிறைப்பட்டு, சுட்டுக்கொல்லப்படும் இடம்வரை நடத்திச் செல்லப்பட்டு, கடைசி நொடியில் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். அதிகாரத்தை மட்டும் குழந்தையிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு நம்பகமான பெரியவர் ஒருவரைக்கூடப் பக்கத்தில் நிறுத்தாவிட்டால் இதுதான் நடக்கும் என்று கோர்ச்சாக் கண்டிருந்தார்.

1942 ஜூலை 18 அன்று, வார்சா கெட்டோவுக்குள் அடைபட்ட தம் பிள்ளைகளைக் கொண்டு அவர் தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’ நாடகத்தை மேடையேற்றினார். நோயாளிச் சிறுவன் அமலை வைத்தியர் சொற்படி அறைக்குள் அடைத்து, கதவு சன்னல்களைச் சாத்தச் சொல்லும் பெரியவர்களின் நாடகம் அது. ஊர்த் தலைவர் வெற்றுத் தாளை நீட்டி அரசர் கடிதம் என்று கேலி செய்கிறார். தாத்தா ஒருவர்தான் அந்தப் பிள்ளையின் எதிர்பார்ப்பை உண்மையாக எடுத்துக்கொள்கிறார். அடுத்த மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளோடு கோர்ச்சாக்கும் டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். தப்பிக்க வந்த வாய்ப்புகளை மறுத்துவிட்டே அவர்களோடு போனார். குழந்தைகளின் உரிமைகளுக்கென ஓர் உலக உடன்படிக்கை வேண்டும் என்று 1978இல் ஐ.நா.வில் வரைவை முன்வைத்த நாடு போலந்து. 1989இல் நிறைவேறிய அந்த உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அது கேட்கப்படவும் குழந்தைக்கு உரிமை தருகிறது.

ஆய்வாளர்கள் ஓர் அடிப்படைச் சிக்கலை நெடுநாளாகச் சுட்டிவருகிறார்கள். சிறார் இலக்கியத்தை எழுதுவதும் அச்சிடுவதும் வாங்குவதும் பெரியவர்கள்தானே, குழந்தைக்காகப் பேசுவதாகச் சொல்லி அவர்கள் தங்கள் ஆசைகளையே எழுதுகிறார்கள் என்று ஜாக்குலின் ரோஸ் 1984இல் வாதிட்டார். கதைக்குள் குழந்தைக்குக் கிடைக்கும் அதிகாரம் திருவிழா நாள் அதிகாரம்தான், முடிவில் பெரியவர் உலகம் மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடும் என்பது மரியா நிக்கொலாயேவாவின் கருத்து. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் திருவிழாவோடு நிறுத்திக்கொள்வதில்லை. பெரியவர் தவறலாம் என்று ஒருமுறை அச்சில் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அது புத்தகத்தை மூடியபின்னும் தெரிந்தே இருக்கிறது.

நம் பக்கம் வருவோம். இந்த மண்ணில் குழந்தைக்குச் சொல்லும் கதைகளில் பெற்றவர் கொடுமை புதிதில்லை. பிரகலாதனை அப்பனே கொல்லப் பார்க்கிறான். துருவன் தகப்பன் மடியிலிருந்து இறக்கிவிடப்படுகிறான். இருவருக்கும் தெய்வம் துணை வந்துவிடுகிறது. பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் கதை அப்படி எளிதில் கடக்க விடுவதில்லை. அடியவர் கேட்டார் என்று ஒரே மகன் சீராளனைக் கறி சமைக்கத் தாயும் தந்தையுமாகப் பிடிக்கிறார்கள். பெற்றவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எண்ணிக் குழந்தை சிரிக்கிறான் என்று சேக்கிழார் எழுதுகிறார். இறைவன் அருளால் சீராளன் ஓடிவருவான் என்று தெரிந்து படித்தாலும் அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைக்கிறது. பக்தியின் உச்சத்தைச் சொல்ல வந்த புலவர் குழந்தையின் நம்பிக்கையை மறைக்காமல் வைத்துவிட்டார். குழந்தையின் பக்கம் நின்று பார்க்க நமக்குத் தமிழிலேயே கிடைத்த பழைய சாளரம் அது.

ஆனால் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சிறார் இதழ்கள் அந்தச் சாளரத்தைப் பெரும்பாலும் சாத்தியே வைத்தன. அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் தலைமுறைகளுக்கு வாசிப்பின் சுவையைத் தந்தவர்கள், அந்தக் கடனைத் தீர்க்க முடியாது. ஆனால் அந்தக் காலக் கதை உலகில் பெரியவர் சொல் தவறுவதில்லை. சேட்டைக்காரப் பிள்ளை திருந்துகிறான், தாத்தா புத்தி சொல்கிறார், ஆசிரியர் மன்னிக்கிறார். குழந்தை சரி, பெரியவர் தப்பு என்று முடியும் கதையைப் பத்திரிகை வாங்கித் தரும் பெற்றோர் ஏற்பார்களா என்ற தயக்கம் இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தயக்கத்தை உடைத்தது இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கேள்வி கேட்பதற்காகவே அடி வாங்கும் மாணவி, அடி வலிக்காமல் இருக்க மரத்துப்போகும் மருந்தைத் தன் உடம்பில் சோதித்துப் பார்த்து இறந்துபோகிறாள். கதையைச் சொல்வது அவளுடைய ஆசிரியை, தாளாத குற்றவுணர்வோடு. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் கை மாற்றிக் கை மாற்றி இலட்சக்கணக்கில் படித்த கதை அது. எத்தனையோ வகுப்பறைகளில் பிரம்பு கீழே வைக்கப்பட அது காரணமாயிற்று என்று நம்புகிறேன். அது பெரியவரின் மனச்சாட்சியிடம் பேசியது. பிள்ளையிடமே பேசியது யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. பாலியல் சீண்டலைப் பற்றித் தமிழில் நேரடியாகச் சிறாருக்கு எழுதப்பட்ட இந்த நாவலுக்கு 2020இல் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. பிள்ளையின் பேச்சைக் கேட்கவும் வழி சொல்லவும் இங்கே ஒரு மரப்பாச்சி உயிர் பெற்று வர வேண்டியிருக்கிறது. மெட்டில்டாவின் அதிசய சக்தி இருந்த இடத்தில் இங்கே ஒரு பொம்மை. இரண்டு எழுத்தாளர்களும் ஒரே சுவர் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட புத்தகங்கள் பிள்ளைக்குப் பெற்றோர்மீதும் ஆசிரியர்மீதும் அவநம்பிக்கையை ஊட்டும் என்று நல்ல மனதோடு கவலைப்படுகிறவர்கள் உண்டு. பள்ளி நூலகத்துக்கு நூல் தேர்வு செய்கிற கூட்டங்களில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. நான் மேலே சொன்ன நாவல்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கச் சொல்வேன். அநேகமாக ஒவ்வொன்றிலும் நம்பத் தகுந்த ஒருவர் இருக்கிறார். ஹனி டீச்சர், டிராட்டர் அம்மாள், ஹக்குக்காக நீதிமன்றம் போன விதவை, அமலின் தாத்தா. யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லிப் பயனில்லை என்று பிரித்தறிய இவை பிள்ளைக்குக் கற்றுத் தருகின்றன. எல்லாப் பெரியவர்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று வளர்த்த பிள்ளைதான் தீங்கு செய்கிறவருக்கு மிக எளிதாக வசப்படும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வகுப்பறை அடியைத் தடுக்கிறது, போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. இவை யாவும் பிள்ளை வாயைத் திறந்த பிறகு வேலை செய்பவை. அதற்கு முன்னால், இருட்டில் ஒரு பிள்ளை தனக்குள் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அதன் கையில் இருக்கக்கூடியது ஒரு கதைதான்.

தமிழில் இனி எழுதப்பட வேண்டியவர் கொடுமைக்காரர் இல்லை, அவரைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டோம். மகள் சொல்வதை முழுதாகக் கேட்டு, முழுதாக நம்பி, கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, மாமா வீட்டு உறவு முறிந்துவிடுமே, நாலு பேருக்குத் தெரிந்தால் உன் கல்யாணம் என்ன ஆகும், இதை அப்பாவிடம்கூடச் சொல்லிவிடாதே கண்ணு என்று கேட்டுக்கொள்ளும் அம்மா ஒருத்தி இருக்கிறாள். பிள்ளைக்கு அவள்மேல் இருக்கும் பாசத்தையும் அவளால் விளைந்த காயத்தையும் சேர்த்து, பன்னிரண்டு வயதுப் பெண்ணின் குரலிலேயே சொல்லும் நாவல் எதுவும் என் வாசிப்பில் இன்னும் வரவில்லை.